ஒக்புலாக்கின் ஒன்பது டன்

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸைக் கொண்டாடி முடித்த வாரத்தில், ஒக்புலாக் ஊர் ஒன்பது டன் அதிகமாக இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஊர் மக்கள் இருக்கும் எடையைக் கூட்டி, இருக்க வேண்டிய எடையைக் கழித்தால் ஒன்பது டன் மிஞ்சுகிறதாம். யார் வந்து எப்போது ஊரை எடை போட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடிதத்தில் முத்திரை இருந்தது. முத்திரை உள்ள கடிதத்திடம் கேள்வி கேட்கும் வழக்கம் பெர்கானா பள்ளத்தாக்குப் பக்கத்தில் கிடையாது.

ஆண்டு முடிவதற்குள் அந்த ஒன்பது டன்னைக் குறைப்பதற்காக மாவட்ட மெலிவு ஆணையம் அமைந்தது. கலாசார மாளிகையின் நாடக மேடையில் அதற்கு அலுவலகம் போட்டுக் கொடுத்தார்கள். தலைவராக வந்தவர் நிஸாமோவிச். இருபத்திரண்டு ஆண்டுகள் பருத்திக் கொள்முதல் நிலையத்தை நடத்தியவர். ஆள் வேலிக்குச்சி போல இருப்பார், பச்சைக் கேரட்டைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்க மாட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆணையத்துக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று விதி இருந்ததால் பல் மருத்துவர் ஸுஹ்ராவை நியமித்தார்கள். மெல்லுவதுதானே முக்கியம் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். எடை போட குல்சனம் என்ற பெண் வந்தாள். அதுவரை தபால் நிலையத்தில் பார்சல் நிறுத்துக்கொண்டிருந்தவள். பருத்தி நிலையத்திலிருந்து மூட்டை நிறுக்கும் பெரிய மேடைத் தராசையும் கொண்டுவந்து மேடை நடுவில் வைத்தார்கள்.

தொடக்க விழாவில் நிஸாமோவிச் பேசினார்.

"நான் இருபத்திரெண்டு வருஷம் பஞ்சு எடை போட்டவன். ஒரு மூட்டைகூட என்கிட்ட பசிக்குதுன்னு சொன்னதில்ல. மூட்டைக்கு இருக்கற ஒழுக்கம் மனுஷனுக்கு வேண்டாமா? அந்தக் காலத்துல எடை குறைஞ்சா ராத்திரியோட ராத்திரியா தண்ணி தெளிச்சு சரிபண்ணிடுவோம். இப்ப கூடிப்போச்சுன்னு சொல்றாங்க. என்ன தெளிச்சா குறையும்னு எனக்குத் தெரியாது. ஆனா குறையும். திட்டம்னு ஒண்ணு போட்டுட்டா அது நிறைவேறாம போனதா இந்த மாவட்டத்துல சரித்திரமே இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பங்கு பிரித்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு டன், மருத்துவமனைக்கு எண்ணூறு கிலோ, தீயணைப்பு நிலையத்துக்கு முந்நூறு. ரொட்டி ஆலைக்கு நானூற்றுப் பன்னிரண்டு. ரொட்டி ஆலையில் மாவு பிசையும் இனோபத்தின் பங்கு பதினெட்டு கிலோ.

இனோபத்துக்கு நாற்பத்து மூன்று வயது. தண்ணீர் பம்ப் நிலையத்தில் வேலை செய்யும் தோஹிருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தோரு வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. போகாத தர்காவும் குடிக்காத கஷாயமும் இல்லை. நாற்பது தாண்டியதும் தொட்டிலுக்கென்று வாங்கி வைத்திருந்த துணியைத் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பேச்சை எடுப்பதையே புருஷனும் பெண்டாட்டியும் விட்டுவிட்டார்கள். எண்பத்தொரு கிலோ எடையோடு, நாளொன்றுக்கு நாலாயிரம் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தாள்.

ஆலையில் 'பச்சை நேரம்' அமலுக்கு வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். அடுப்பு வேலை செய்கிறவர்கள், பிசைகிறவர்கள், வண்டியில் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் கேரட், டர்னிப், பச்சை முள்ளங்கி, முட்டைக்கோஸ், பீட்ரூட். எல்லாம் பச்சையாக, உப்பில்லாமல். டாக்டர் ஸுஹ்ரா மணி அடிப்பார். ஒவ்வொரு வாய்க்கும் நாற்பது முறை மெல்ல வேண்டும். முப்பத்தெட்டில் விழுங்கினவர்களை அவர் தொண்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி சுவரோரம் அடுக்கடுக்காக ஆவி பறந்துகொண்டிருந்தது. ரொட்டிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள் என்றார் டாக்டர். பெண்கள் மறுத்துவிட்டார்கள்.

"ரொட்டிக்கு முதுகு காட்டினா வீட்டுல அடுப்பு எரியாது டாக்டர்."

"அப்ப அதைப் பாத்துக்கிட்டே எப்படி முள்ளங்கி தின்னுவீங்க?"

"அதுதான் எங்களுக்கும் புரியல."

இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு பக்கவாட்டில் நிற்பது என்று முடிவானது. அதன்படி ரொட்டி ஆலைத் தொழிலாளர்கள் வலது தோளை ரொட்டிக்கும் இடது தோளைக் கதவுக்கும் காட்டியபடி எட்டு மாதம் சாப்பிட்டார்கள்.

மே மாதத்திலிருந்து இனோபத்துக்குக் காயைக் கண்டால் குமட்டியது. முள்ளங்கியைக் கடித்ததுமே கொல்லைப்புறம் ஓடினாள். டர்னிப் மட்டுமல்ல, வீட்டில் வைத்த தேநீரும் உள்ளே தங்கவில்லை. எடை மளமளவென்று இறங்கியது. எண்பத்தொன்று எழுபத்தாறு ஆனது, எழுபத்திரண்டு ஆனது. ஆணையத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவள் படத்தைப் பெரிதாக எடுத்துக் கலாசார மாளிகை வாசலில் மாட்டினார்கள். படத்தில் அவள் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். படம் எடுத்தவுடன் வாந்தி எடுத்தாள். 'காய்கறி தந்த பொலிவு' என்று கீழே எழுதியிருந்தது.

ஆகஸ்டில் குமட்டல் நின்றது. எடை நின்று, பிறகு ஏறத் தொடங்கியது. திங்கள்கிழமைதோறும் குல்சனம் முள்ளைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பாள்.

"அக்கா, இந்த வாரமும் அறுநூறு கிராம் ஏறியிருக்கு."

"காயைத் தவிர எதையும் தொடலம்மா. வேணும்னா மாவுமேல சத்தியம் பண்றேன்."

ஆலையில் அவள் பையைச் சோதித்தார்கள். தலைத்துணியை அவிழ்த்துப் பார்த்தார்கள். கூட வேலை செய்கிறவர்களே அவள் பக்கத்தில் நிற்பதை விட்டார்கள். அவள் ஏற ஏற அவர்கள் இறங்க வேண்டும், ஆலையின் மொத்தம்தானே கணக்கு. கடைசியில் பயந்துபோய், வயிற்றில் கட்டி கிட்டி ஏதாவது இருக்குமோ என்று அடுத்த தெரு மருத்துவச்சியிடம் போனாள். அந்த அம்மாள் வயிற்றைத் தொட்டாள். மறுபடி தொட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உனக்குக் கட்டி இல்லடி. நாலரை மாசம்."

இனோபத் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். தோஹிர் அப்போது சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியைக் கீழே போட்டான். போய் தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். திரும்பத் திரும்பக் கழுவினான். "என்னங்க, தண்ணி வீணாப் போகுது" என்று அவள் சொன்ன பிறகுதான் நிறுத்தினான்.

"இனிமே நீ அந்த முள்ளங்கியைத் தொடாதே. நாளைக்கே போய்ச் சொல்லிடுவோம். சொன்னா சந்தோஷப்படுவாங்க" என்றான்.

போனார்கள். மருத்துவச்சி எழுதிக் கொடுத்த சீட்டை நிஸாமோவிச் வாங்கிப் படித்தார். நல்ல விஷயம் என்றார். கர்ப்பிணிகளுக்கு விலக்கு உண்டு, கணினியில் பதிந்துகொள் என்று குல்சனத்திடம் கொடுத்தார். குல்சனம் தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள்.

"ஐயா, இவங்களுக்கு நாப்பத்திமூணு வயசு. கர்ப்பிணிங்கற கட்டம் நாப்பது வரைக்கும்தான் வருது."

"நாப்பதுக்கு மேல?"

"மேல போட்டா கட்டமே மறைஞ்சிடுது."

நிஸாமோவிச் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவங்க கர்ப்பம் இல்ல" என்றார். கோபமில்லாமல், ஒரு தகவலாகச் சொன்னார்.

"ஐயா, உள்ள ஒரு உசுரு இருக்கு" என்றாள் இனோபத்.

"இருக்கட்டும்மா. நான் வேண்டாம்னா சொன்னேன்? அதுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"இன்னும் பிறக்கவே இல்லையே."

"பாத்தீங்களா. சான்றிதழ் இல்லாத ஆளோட எடையை நான் யார் பேர்ல எழுதறது? உங்க பேர்லதான். நான் உங்களுக்கு விரோதி இல்ல. வேற மாதிரி எழுத இடமில்ல."

தோஹிர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அவனே ஐம்பத்தெட்டு கிலோதான். "ஐயா, அவகிட்டேர்ந்து குறைக்க வேண்டியதை என்கிட்டேர்ந்து எடுத்துக்கோங்க. நான் ஒருவேளைதான் சாப்பிடுவேன். வேணும்னா அதையும் விட்டுடறேன்."

"நீங்க பம்ப் நிலையம். உங்க நிலையம் போன மாசமே பங்கை முடிச்சிடுச்சு. ஒரு நிறுவனத்து எடையை இன்னொண்ணுக்கு மாத்த விதியில்ல. நானே உங்களுக்காக மேலிடத்துல கேட்டுப் பாக்கறேன். பதில் வர்றவரைக்கும் அம்மா தொடர்ந்து மெலியட்டும்."

அவர் கேட்கத்தான் செய்தார். பதினைந்து நாளில் பதில் வந்தது. நாற்பதுக்கு மேல் விலக்கு வேண்டுமானால் வட்டார மருத்துவக் குழுவிடம் சான்று வாங்க வேண்டும். வட்டாரக் குழுவிடம் மனுப் போட, ஆணையம் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த மெலிவு அட்டையில் முத்திரை இருக்க வேண்டும். எடை குறைந்தவர்களுக்குத்தான் முத்திரை.

அந்த அட்டைதான் இனோபத்தின் கழுத்தைப் பிடித்தது. அட்டையில் முத்திரை இல்லாதவர்களுக்கு மருத்துவமனையில் கட்டில் இல்லை, பிரசவ வார்டும் அதில் அடக்கம். வீட்டிலேயே பிரசவம் பார்க்க முடியுமா என்று மருத்துவச்சியைக் கேட்டாள். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "நாப்பத்திமூணு வயசுல தலைச்சன். நான் தொட மாட்டேன். கத்தி வெக்க வேண்டி வந்தா நான் எங்க போவேன்? எப்படியாவது அந்த முத்திரையை வாங்கு" என்றாள்.

முத்திரைக்கு ஒரே வழி, பிடிவாத எடை முகாம். ஆற்றோரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கோடை விடுதியாக இருந்த கட்டடம் அது. திட்டப்படி குறையாத முப்பத்தொரு பேரை டிசம்பர் முதல் தேதி அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். முகாமை முடித்தவர்களுக்குக் கட்டாயம் முத்திரை உண்டு என்று நிஸாமோவிச் எழுதியே கொடுத்திருந்தார். இனோபத் எட்டு மாத வயிற்றோடு, பிள்ளைகள் உயரத்துக்குச் செய்த கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தாள்.

காலையில் பீட்ரூட், பகலில் முட்டைக்கோஸ், மாலையில் டர்னிப். வெள்ளிக்கிழமை முளைவிட்ட கோதுமை ஒரு பிடி. வெளியே பனி கொட்டியது. அறையில் கணப்பு அடுப்பு இருந்தது. ஆனால் முதல் வாரமே யாரோ அதில் டர்னிப்பைச் சுட்டுத் தின்றுவிட்டதால் அதற்கு அரக்கு வைத்துவிட்டார்கள். சூடு பசியைத் தூண்டும் என்று டாக்டர் ஸுஹ்ரா விளக்கம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தோஹிர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பான். ஒருமுறை இறைச்சி அடைத்த சூடான சம்சாவைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். பிடித்துவிட்டார்கள். அவனைத் தராசில் ஏற்றி, சம்சாவோடு ஒருமுறை, சம்சா இல்லாமல் ஒருமுறை எடை போட்டு எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். சம்சா என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலையில் இனோபத் கண் விழித்தாள். ஏதோ ஒன்று குறைந்தது போல இருந்தது. என்ன என்று புரிய நேரமாயிற்று. வயிற்றில் அசைவில்லை. எப்போதும் விடிந்ததும் வலது விலாவுக்குக் கீழே ஒரு குதிகால் வந்து உந்தும். அது வரவில்லை. இடதுபக்கம் திரும்பிப் படுத்தாள். தண்ணீர் குடித்தாள். தட்டிக் கூப்பிட்டாள். பத்து மணி வரை பொறுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே டாக்டர் அறைக்குப் போனாள்.

"டாக்டர், பிள்ளை அசையல."

ஸுஹ்ராவின் முகம் வெளுத்தது. கெட்டவர் இல்லை அவர். ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். "வாயைத் திறங்க" என்றார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தார். "ஈறு நல்லாயிருக்கு. தாயோட ஈறு நல்லாயிருந்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

"கொஞ்சம் சூடா ஏதாவது குடுங்க. ஒரு கரண்டி கஞ்சி போதும். ஒரு முட்டைக்கோஸையாவது வேகவெச்சுக் குடுங்க."

"வேகவெச்சா காயில இருக்கற உயிர் செத்துடும்மா."

"காய் செத்தா சாகட்டும் டாக்டர்."

டாக்டர் மேசைமேல் இருந்த மணியை எடுத்து, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தார். "நான் பல்லுக்குப் படிச்சவம்மா. இதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியாததைச் செஞ்சு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார்.

இனோபத் வெளியே வந்தாள். பனியில் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தாள். வாசல் காவலறையின் பின்புறத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. எலும்பு வேகிற வாசனை. மூன்று கல்லைக் கூட்டி, கரிபிடித்த வாளியில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மதாமின் என்ற காவல்காரர் அதைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஓலபார் என்ற புள்ளி நாய் உட்கார்ந்திருந்தது.

"என்ன அண்ணே இது?"

"பார்லிக் கஞ்சி. ஆட்டெலும்பு போட்டது. நாய்க்கு."

"நாய்க்கு மட்டும் எப்படி அடுப்பு மூட்ட விட்டாங்க?"

மதாமின் சங்கடத்தோடு சிரித்தார். "இவனையும் காய் திங்கவெக்கத்தான் பாத்தாங்க. கால்நடைத் துறைக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். பச்சைக் காய் நாய் உடம்புக்கு ஆகாதுன்னு எழுதியே குடுத்துட்டார். உங்களுக்கெல்லாம் டாக்டரம்மா போட்டுட்டாங்க."

இனோபத் பனியிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, எனக்கு இதுல குடுங்க."

"இது நாய்க்கு வெச்சதும்மா. வேண்டாம். பாவம் என்னைச் சேரும்."

"நாய் இன்னும் வாய் வெக்கலையே."

"வாளி அதோடது."

"பிள்ளை அசையல அண்ணே. விடியற்காலையிலேர்ந்து அசையல."

காவல்காரர் குச்சியைக் கீழே வைத்தார். உள்ளே போய்த் தன்னுடைய தேநீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து, தண்ணீரில் மூன்று முறை அலசி, வாளியின் மேலாக ஒரு கிண்ணம் எடுத்தார். இதற்குப் பிஸ்மில்லா சொல்லலாமா கூடாதா என்று இனோபத்துக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொண்டாள். முதல் கிண்ணம் நாக்கைச் சுட்டது. இரண்டாவதில் எலும்பில் ஒட்டியிருந்த கொழுப்பைப் பல்லால் சுரண்டினாள். மூன்றாவது கிண்ணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாயும் காத்திருந்தது. காவல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

வலது விலாவுக்குக் கீழே ஒரு குதிகால் உந்தியது. பிறகு இன்னொரு தடவை, உதைத்தே விட்டது.

அவள் சத்தம் போடாமல் அழுதாள். அழுதுகொண்டே மீதிக் கஞ்சியைக் குடித்தாள்.

அன்றிலிருந்து தினமும் போனாள். கடும் குளிர் காரணமாக நாயின் உணவு இருமடங்காக உயர்த்தப்பட வேண்டும் என்று மதாமின் எழுதிக் கொடுத்தார், உடனே அனுமதி வந்தது. அந்த ஆண்டு ஆணையம் தாமதமில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே மனு அதுதான்.

வாராந்தர எடைக்கு வந்த குல்சனம் முள்ளைப் பார்த்தாள். ஒரு கிலோ ஏறியிருந்தது. அவளும் ஆணையத்துச் சம்பளக்காரி, அவளும் ஒன்பது மாதமாகப் பச்சைக் காய்தான். கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அக்கா, உங்க சால்வையில எலும்புக் கஞ்சி வாசனை அடிக்குது."

இனோபத் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அம்மா, உன் காலைப் பிடிச்சுக்கறேன், எழுதிடாதே."

"எழுதல. கொஞ்ச நேரம் உங்க பக்கத்துல நின்னுக்கட்டுமா?"

நின்றாள். பிறகு முள் குளிரில் இறுகிவிட்டது, போன வார எடையே இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனாள்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி. கலாசார மாளிகையில் இறுதி எடை. வாத்தியக்காரர்கள் வந்திருந்தார்கள், மேலிடத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்க ஒரு தனி மேசையும் போட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்குக் கூட்டிப் பார்த்ததில் ஊர் இன்னும் எட்டு கிலோ அதிகமாக இருந்தது. நிஸாமோவிச்சின் உதடு உலர்ந்துவிட்டது. முடிதிருத்துகிறவரைக் கூப்பிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். தீயணைப்பு நிலையம் முழுவதையும் மொட்டையடித்ததில் ஒன்றரைக் கிலோ கிடைத்தது. டாக்டர் ஸுஹ்ரா ஆடிக்கொண்டிருந்த பற்களைப் பிடுங்கினார். பொய்ப்பற்களைக் கழற்றிவைக்கச் சொன்னார். அதில் அரைக் கிலோ. மீதி ஆறு கிலோ எங்கிருந்து வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியாக முகாம்காரர்களை மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். இனோபத்துக்குக் காலையிலிருந்தே இடுப்பு கடுத்துக்கொண்டிருந்தது. தராசில் ஏறி நின்றாள். காலையில் இருந்த அதே எழுபத்தெட்டரை. நிஸாமோவிச் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. பருத்தி மூட்டைக்காகச் செய்த தராசின் பலகை இடுக்குகள் வழியாகத் தண்ணீர் மேடையில் ஓடியது. முள் அசைந்தது.

"குறையுது" என்றார் நிஸாமோவிச், பள்ளிவாசலில் பேசுவதுபோல மெல்ல. "எழுதும்மா, குறையுது."

"ஐயா, அவங்களுக்குப் பிரசவ வலி" என்றாள் குல்சனம்.

தோஹிர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையில் ஏறினான். அவளைத் தூக்கிக்கொண்டு, ரொட்டி வண்டியில் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். பிரசவ வார்டு வாசலில் தாதி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முத்திரை இல்லை. முகாம் முடித்தவர்களுக்கு மாலையில் விழா நடத்தித்தான் முத்திரை தருவதாக ஏற்பாடு.

"முத்திரை இல்லாம உள்ள விட்டா என் வேலை போயிடும் அண்ணே. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்றது?"

இனோபத் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தோஹிர் தாதியின் காலில் விழப் போனான். அப்போது பின்னால் மூச்சு வாங்க யாரோ ஓடிவரும் சத்தம். நிஸாமோவிச். பின்னால் இரண்டு பேர் தராசைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் தோஹிரைப் பார்க்கவில்லை, இனோபத்தையும் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பிரசவ டாக்டரிடம் கேட்டார்:

"இன்னும் எவ்வளவு குறையும்?"

"என்ன கேக்கறீங்க?"

"பிள்ளை பிறந்தா இவங்க எடை எவ்வளவு குறையும்னு கேக்கறேன்."

"பிள்ளை மூணு இருக்கும். அப்புறம் நஞ்சு, தண்ணி, ரத்தம். அஞ்சு வரும், ஆறு வரும். இப்ப அதுவா முக்கியம்?"

நிஸாமோவிச் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். மை உறைந்திருந்தது. வாயருகே வைத்து ஊதி ஊதிச் சூடாக்கினார். தாதியின் முதுகிலேயே அட்டையை வைத்துக் குத்தினார்.

கதவு மூடியது. வெளியே பெஞ்சில் இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தோஹிரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நிஸாமோவிச்சின் உதடும் அசைந்தது. ஒருவர் குழந்தைக்கும் மற்றவர் ஆறு கிலோவுக்குமாக ஒரே இறைவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு உள்ளேயிருந்து ஒரு கூச்சல் வந்தபோது நிஸாமோவிச் தோஹிரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஐஸ்போல இருந்தது. "எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு தம்பி" என்றார். தோஹிர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. ரத்தம் நிறையப் போயிருந்தது. இனோபத் கண்ணைத் திறப்பதற்குள் தராசு உள்ளே வந்துவிட்டது. பிரசவ டாக்டர் திட்டினார், குறுக்கே நின்றார். மேலிடத்துத் தொலைபேசி காத்திருக்கிறது என்றதும் விலகிக்கொண்டார். இரண்டு தாதிகள் தாங்கிப் பிடிக்க, இனோபத் இன்னொரு தடவை தராசில் நின்றாள். சுற்றி நிற்கிறவர்கள் யார், என்ன பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு சின்ன அழுகை கேட்டது, அதைத் தேடித் தலையைத் திருப்பினாள். எழுபத்திரண்டு.

ஆறரைக் கிலோ. ஒக்புலாக் ஒன்பது டன்னைக் குறைத்துவிட்டது, மேற்கொண்டு அரைக் கிலோவும்.

நிஸாமோவிச் பிரசவ அறையிலேயே பேசினார். "ஒரே நாள்ல ஆறரைக் கிலோ. பச்சைக் காயோட சக்திக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? இந்த அம்மா மாதிரி ஊர்ல பத்து பேர் இருந்தா போதும்."

"பிள்ளையை எழுதணுமே ஐயா" என்றாள் குல்சனம். "ரெண்டு எண்ணூறு."

நிஸாமோவிச் ஒரு விநாடி யோசித்தார். "எழுதினா மறுபடி ரெண்டு கிலோ முந்நூறு ஏறிடும். நாளைக்குப் பிறக்கட்டும்."

அதனால் ஒக்புலாக் பதிவேட்டின்படி டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி அங்கே யாரும் பிறக்கவில்லை. குழந்தை பதினெட்டு மணி நேரம் பிறக்காமலே தாயின் மார்பில் பால் குடித்தது. நஸீபா என்று பெயர் வைத்தார்கள். ஒருவருக்கென்று இறைவன் எழுதிவைத்த பங்கு என்று பொருள்.

ஆணையத்துக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. திட்டம் நன்றாக நடந்த ஊர் என்பதால் இன்னும் ஓர் ஆண்டு நீட்டித்தார்கள். ஊர் எடை மாதாமாதம் கண்காணிக்கப்படும், கூடியவர்கள் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.

பிப்ரவரியில் ஒரு பகல் வேளை குல்சனம் பச்சிளங்குழந்தை நிறுக்கும் தராசைத் தூக்கிக்கொண்டு இனோபத் வீட்டுக்கு வந்தாள். கன்னம் இன்னும் ஒட்டிப் போயிருந்தது. வாசலில் கொஞ்சம் தயங்கினாள்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. பட்டியல்ல பேர் வந்திருக்கு."

"யார் பேர்? எனக்குத்தான் முத்திரை குத்தியாச்சே."

"உங்க பேர் இல்ல. நஸீபா பேர்."

இனோபத் குழந்தையின் துணியை அவிழ்த்துத் தராசில் கிடத்தினாள். நஸீபா கையைக் காலை உதைத்துக்கொண்டு முள்ளை ஆட்டினாள். நாலு கிலோ இருநூறு. குல்சனம் தாளில் போட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணரை மாசத்துல பிறந்த எடையில பாதி ஏறியிருக்கு. இந்த மாவட்டத்துலயே யாரும் இவ்வளவு ஏறல. இதுக்குக் கடும் எச்சரிக்கை போடணும்னு விதி." பேனாவைத் திறந்தாள். "காரணம்னு ஒரு இடம் இருக்கு. என்ன எழுதட்டும்?"

இனோபத் பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பசிச்சுது, குடிச்சா. அப்படியே எழுது."

குல்சனம் அப்படியே எழுதினாள். எழுதிவிட்டு, எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் மஸ்தவா கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டிறைச்சியும் அரிசியும் கேரட்டும் சேர்ந்து வேகும் வாசனை வீடு முழுக்கப் பரவியிருந்தது.

"உள்ள கேரட் போட்டிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"போட்டிருக்கேன். வெந்துடுச்சு."

குல்சனம் பதிவேட்டை மூடினாள். வாசலுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, காலணியைக் கழற்றிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.